பார்சலில் மிச்சமிருந்த இடம்

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்தபோது, ஒருநாள் எங்கள் எஸ்டேட்டிலிருந்து அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டவர் அவர். பிறகு கப்பலில் இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வர அனுமதி கிடையாது. ஆனால் அப்பா ஊர் பார்க்கப் போயிருக்கிறார் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். என்னை விட்டுவிட்டுப் போனாரே என்று எனக்குக் கோபம்கூட இருந்தது.

கட்டிய துணியோடு போனவர், தன் உடுப்புகளை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். அம்மா அவருடையதை ஒன்றுவிடாமல் எடுத்துக் கட்டினார். அம்மாவின் தம்பியான மாமாவுக்குத் தெரியாதது உலகத்தில் குறைவு. மூட்டை சின்னதாக இருந்தால் தபால் கட்டணமும் சின்னதாக இருக்கும் என்றார். ஆகவே நானும் அவரும் மாறி மாறி மூட்டைமேல் உட்கார்ந்தோம்.

"நல்லா அமுக்குடா! சோறு திங்கிறியா, காத்து திங்கிறியா?" என்று ஏசினார். தட்டையானதும் மாவுச் சாக்குத் துணியில் வைத்து இறுக்கித் தைத்து, முடிச்சுகளில் அரக்கையும் உருக்கி ஊற்றினார்.

பிள்ளைகளே, அந்தக் காலத்தில் எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமென்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். இது எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கு அன்று மட்டும் மறந்துவிட்டது. கேட்டில் நின்ற மலாய்க் காவலர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "புக்கா" என்றார். திறக்க வேண்டும். மாமா அரக்கைக் காட்டிக் கெஞ்சினார். காவலர் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தார். நாங்கள் அமுக்கியதெல்லாம் ஒரே மூச்சில் உப்பி எழுந்தது.

பிரித்த மூட்டையோடுதான் அம்மாவும் மாமாவும் நானும் கோலசிலாங்கூர் தபால் நிலையத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பஞ்சாபிக்காரர் நின்றார். அவரும் இந்தியாவுக்குத்தான் அனுப்பினார். அவருடைய மூட்டை எங்களுடையதைப்போல் இரண்டு மடங்கு இருந்தும் அவருக்குக் கட்டணம் குறைவு.

"அது பெரிசு, இது சின்னது. எங்களுக்கு மட்டும் ஏன் சார் கூட?" என்று தபால் கிராணியிடம் கேட்டேன்.

"ரொம்பப் பெரிசா இருந்தா எடுக்கமாட்டோம், அவ்வளவுதான்லா. காசு எடைக்குத்தான். இத்தனை ராத்தல் வரைக்கும் ஒரு கட்டணம். தாண்டினா அடுத்த கட்டணம். உங்களுது தாண்டிருச்சு."

"அடுத்தது எதுவரைக்கும் சார்?"

"இன்னும் நாலு ராத்தல் போட்டாலும் இதே காசுதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு ராத்தல் சும்மா போகுமாம்! போடுவதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தேன். மாமா தன் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மா மூட்டைக்குள் கைவிட்டு, அப்பா காலில் போடும் கறுப்புச் சப்பாத்தை வெளியே எடுத்தார்.

கிராணி மறுபடி நிறுத்துப் பார்த்தார். "அத எடுத்தாலும் அதே கட்டணந்தாம்மா."

"சும்மா போறத ஏன்க்கா எடுக்கற?" என்றார் மாமா.

"ஊரு சேத்துல சப்பாத்து எதுக்கு? இங்க வந்தா போட்டுக்குவாரு."

மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். மாமாவே விட்டுக்கொடுத்தது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

நான் விடுவதாக இல்லை. பஸ்ஸில் அம்மா சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன்: போகும்போது பார்சலில் சும்மா போயிருக்கும். அப்பா திரும்பி வரும்போது காலிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுவார். காலில் போட்டு வருவதற்கு யாரும் எடை பார்ப்பதில்லை.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் சத்தமாக முதலிலிருந்து சொன்னேன்.