வலது பக்கம் மட்டும் வெள்ளை

எக்ஸ்ரே தன் வீட்டுக் கடிகாரத்தைக்கூட நம்ப மாட்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான், கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். இரண்டும் ஒரே நேரம் காட்டினால், இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஏமாற்றுகின்றனவோ என்று கைபேசியை எடுப்பான். எனக்குத் தம்பி முறை என்பதால் நான் அவன் இவன் என்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் ‘சார்’. அவர்கள் வாசல் தாண்டிய பிறகுதான் எக்ஸ்ரே.

பதினொரு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவன். ஆறு மாதமாக ஒரு கால் நொண்டுகிறது என்று வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு செருப்பும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்று திருப்பிப் பார்ப்பான். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுச் சைக்கிள் பட்டறை வைத்தான். வேலையைத்தான் ராஜினாமா செய்தான், சந்தேகத்தைச் செய்யவில்லை.

அவன் கட்டுவது ஸ்டீல் ரோடு சைக்கிள். மெல்லிய குழாய், மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹாண்டில்பார். அட்டை மாதிரி எடை குறைந்த சைக்கிளெல்லாம் வந்த பிறகும் ஸ்டீல்தான் வேண்டும் என்று நான்கு மாதம் காத்திருந்து வாங்கிப் போகிறார்கள். ஆனால் அவன் பெயர் பெற்றது கட்டுவதில் அல்ல, ஆளுக்குத் தக்கபடி உட்காரவைப்பதில். சீட்டை விட ஹாண்டில்பார் எவ்வளவு தாழ வேண்டும், முதுகு எவ்வளவு சாய வேண்டும், கை எவ்வளவு நீள வேண்டும் என்பதெல்லாம் அவன் சொல்வதுதான்.

ஹாண்டில்பாரில் கை வைக்க மூன்று இடம் உண்டு. மேலே தட்டையான பகுதி, முன்னால் பிரேக்கின் ரப்பர் மூடி, கீழே வளைவு. முழுவதும் டேப் சுற்றியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் தாங்கள் கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு காற்றைக் கிழித்துப் போவதாகத்தான் சொல்வார்கள். எக்ஸ்ரே தலையாட்டுவான். பிறகு டேப்பைப் பார்ப்பான். ஒரு வக்கீல் அப்படித்தான் தினமும் நாற்பது கிலோமீட்டர் என்று அளந்தார். கீழ் வளைவில் டேப் நேற்றுச் சுற்றியது போல் இருந்தது. மேலே மட்டும் வெண்ணெய்ப் பிசுக்கு.

“தெருமுனை பேக்கரி வரைக்கும்தானே போறீங்க?” என்றானாம். வக்கீல் எதிர்த்து வாதாடவே இல்லை. ஹாண்டில்பாரை நாலு விரல் உயர்த்தி வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு பெண்ணின் டேப்பைப் பார்த்து அவள் வேலை மாறியதையும் புது மேலதிகாரி இடதுகைக்காரர் என்பதையும் சொன்னான் என்பார்கள். மேலதிகாரி விஷயம் நான் சேர்த்தது.

இப்படிப்பட்டவனிடம் ஒரு நாள் காலை அவன் மனைவி, கணக்கு டீச்சர், விடைத்தாள் திருத்திக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

“என்னங்க, நம்ம பொண்ணுக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்காம். கட்டிக்கிட்டா அவரைத்தான்னு சொல்றா.”

“யாரு?”

“லிஃப்ட் மெக்கானிக். ஞாயித்துக்கிழமை சைக்கிள் கூட்டத்துல பழக்கம்.”

“லிஃப்ட்டா? மேல போறேன்னு சொல்லிட்டுக் கீழ போற தொழிலாச்சே!”

“உங்க சம்மதம் இல்லாம மேற்கொண்டு பேச மாட்டேன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. அதனால கேலி பண்ணாம யோசிச்சுச் சொல்லுங்க. அவ வாழ்க்கை இது.”

அந்த நேரம் மேஜைக்கு அந்தப் பக்கம் டங்கென்று ஒரு சத்தம். மகள் கையிலிருந்து ஸ்பூன் விழுந்திருந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது ஸ்பூன். மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். கடுகளவு திருகாணியை ஃப்ரேமில் பூட்டுகிற விரல்கள். அந்த விரல்களிலிருந்து ஸ்பூன் விழுகிறது என்றால் மனசில் என்னமோ மறைக்கிறாள் என்று எக்ஸ்ரே குறித்துக்கொண்டான்.

“ஆளை சனிக்கிழமை வரச் சொல்லும்மா. சைக்கிளோட. முக்கியமா, கழுவாம எடுத்துட்டு வரணும்.”

“கல்யாணப் பேச்சுக்குச் சைக்கிளைக் கூப்பிடுற ஒரே ஆள் நீங்கதான்” என்றாள் டீச்சர்.

சனிக்கிழமை லிஃப்ட்காரர் வந்தார். சாம்பல் நிற ஸ்டீல் சைக்கிள், வெள்ளை டேப். எக்ஸ்ரே அவருக்கு உட்கார நாற்காலி போடவில்லை. நேராகத் தாங்கியில் சைக்கிளைப் பூட்டி மேலே ஏறி நின்ற இடத்திலேயே மிதிக்கச் சொன்னான். பின்னால் நின்று முதுகைப் பார்த்தான், பக்கத்தில் குனிந்து முழங்கையைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஹாண்டில்பார் சீட்டுக்கு இரண்டு விரல் கீழே, கை லேசாக மடங்கி, தோள் தளர்ந்து, குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறையே இல்லாத இடத்தில்தான் அவனுக்குச் சந்தேகம் கூடும்.

“ஞாயித்துக்கிழமை எவ்வளவு தூரம் தம்பி?”

“அறுபது கிலோமீட்டர் சார். தண்ணித் தொட்டி மேடு வரைக்கும்.”

“மத்த நாள்ல?”

“மத்த நாள் கம்பெனி வேன் சார். சைக்கிள் ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான்.”

“கை எங்க வைப்பீங்க?”

“வழக்கம் போலத்தான் சார்... ரெண்டு கையும் பிரேக் மேல.”

எக்ஸ்ரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்பைப் பார்த்தான். இடது பக்கம் பிடித்துப் பிடித்துக் கறுத்து, பிரேக் மூடியின் ரப்பர் பளபளத்திருந்தது. வலது பக்கம் மட்டும் வெள்ளை, திருநீறு பூசிய மாதிரி.

ஒற்றைக் கையால் ஓட்டுகிறான். அப்படியானால் அறுபது கிலோமீட்டரும் வலது கை எங்கே இருக்கிறது? கைபேசியிலா? சிகரெட்டிலா?

“கையுறையைக் கொஞ்சம் கொடுங்க” என்று வாங்கி முகர்ந்தான். சிகரெட் வாடை இல்லை. ஆனால் வலது உள்ளங்கையில் ஆரஞ்சு நிற நூல் பிசிறு ஒட்டியிருந்தது. துணி! அவன் மனசில் ஒரு பெண் ஆரஞ்சுச் சட்டையோடு வந்து நின்றாள்.

“சரி தம்பி, யோசிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தான்.

“என்ன சொல்லுது உங்க டேப்?” என்றாள் டீச்சர்.

“அவன் சொல்ற மாதிரி இல்லைன்னு சொல்லுது. வலது கையை வேற யார் மேலயோ வெச்சிருக்கான்.”

“கையுறைல ஒரு நூலைப் பார்த்துட்டு ஒரு குடும்பத்தையே நெய்றீங்களே!”

மறுநாள் காலை அவன் டீச்சரின் பூப்போட்ட வெயில் தொப்பியை மாட்டிக்கொண்டு தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போனான். ஏற்றத்தின் நடுவில் ஒரு பேக்கரி வேன் நின்றது. அதன் மறைவில் ஒளிந்தான். வேன்காரர் இறக்க வேண்டியதை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். ஏற்றத்தில் வேன் ஊர்ந்தது. இவனும் மறைவை விட மனமில்லாமல் குனிந்தபடி கூடவே ஓடினான். எண்பது அடி என்று அவன் சொல்கிறான். கூட்டத்தில் வந்தவர்கள் முந்நூறு அடி என்கிறார்கள். எனக்கு முந்நூறுதான் பிடித்திருக்கிறது.

அப்போது லிஃப்ட்காரர் வந்தார். இடது கை பிரேக் மூடியில். வலது கை, அவருக்கு வலப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகில். ஆரஞ்சுச் சட்டை.

‘மாட்டினியா!’ என்று எக்ஸ்ரேயின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். அவன் மகள்.

அவன் இடத்தில் வேறு யார் இருந்தாலும், லிஃப்ட்காரர் மகளை முதுகில் கை வைத்து ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகிறார் என்று மட்டும் பார்த்திருப்பார்கள். இவன் பார்வை பழக்கத்தில் வேறெங்கோ போயிற்று. மகளின் முழங்கை இரண்டும் கம்பு மாதிரி விறைத்திருந்தன. தோள் காதைத் தொட்டது. கழுத்து பின்னால் மடங்கியிருந்தது. ஒரு கையை எடுத்து உதறினாள், பிறகு மறு கையை உதறினாள், மரத்துப்போன விரலை உதறுகிற மாதிரி. ஹாண்டில்பார் அவளுக்குத் தாழ்வு. தூரமும் கூட. எந்தக் கத்துக்குட்டி இப்படி உட்காரவைத்தான் என்று கோபம் வந்த பிறகுதான், அந்தப் பச்சை சைக்கிளைக் கட்டியது தான்தான் என்பது உறைத்தது.

போன வருடம் அவளுக்காகக் கட்டியது. சீட்டுக்கு நாலு விரல் கீழே ஹாண்டில்பார். பார்க்க அம்பு மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. பழைய சைக்கிள்களில் ஒரு திருகைத் தளர்த்தினால் ஹாண்டில்பாரை மேலே இழுக்கலாம். இப்போது வருகிறவற்றில் அப்படி இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாய் மேலே நீண்டிருக்கும். அதில் வளையங்களை அடுக்கி, அதற்கு மேல் ஸ்டெம் என்கிற கழுத்தை இறுக்க வேண்டும். குழாயை அளவு பார்த்து அறுத்தால் அறுத்ததுதான். இவன் ஒரு வளையத்துக்குக்கூட இடம் வைக்காமல் அறுத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து பட்டறை அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினான். கழற்றிய பழைய டேப் ஒன்றையும் அவன் எறிவதில்லை, சாட்சியாம். மகளின் டேப்பை மாதத்தின் முதல் சனிக்கிழமை அவனே பிரித்துப் புதியது சுற்றுவான். மகள் சைக்கிள் எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும். பதினொரு மாதம், பதினொரு ஜோடிச் சுருள். எல்லாருடைய டேப்பையும் படித்தவன் இவற்றை மட்டும் ஒரு தடவைகூட விரித்துப் பார்த்ததில்லை. இப்போது மேஜையில் ஒவ்வொன்றாக விரித்தான். கீழ் வளைவு பதினொன்றிலும் புதுசு. பிரேக் மூடிக்குப் பக்கத்திலும் புதுசு. ஸ்டெம்முக்கு ஒட்டிய நாலு அங்குலம் மட்டும் அழுக்கேறிக் கிடந்தது. குனிய முடியாமல் ஒரு வருடமாக அங்கேயே பிடித்துத் தொங்கியிருக்கிறாள்.

மகள் உள்ளே வந்தபோது அவன் டேப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

“இன்னைக்குத் தண்ணித் தொட்டி ஏத்தத்துல பார்த்தேன்மா.”

“அந்த வேன் கூட ஓடினது நீங்களா? யாரோ ஒரு அம்மா ரொட்டி வாங்காம விட்டுட்டு ஓடுறாங்கன்னு நினைச்சோம்!”

“விரல் எப்ப இருந்து மரத்துப்போகுது?”

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“அந்த ஸ்பூன் எல்லாம் இதனாலதானா?”

“ஸ்பூன் பரவாயில்லப்பா. கடைல திருகாணி விழுது. தேடி எடுக்கிறதுக்குள்ள ஆளுங்க கூடிடுறாங்க.”

“மாசா மாசம் கேட்டேனேடி, வசதியா இருக்கான்னு! சூப்பர்ப்பா, சூப்பர்ப்பான்னு சொன்னியே!”

“நீங்க அவ்வளவு ஆசையா கட்டினது. எப்படிப்பா சொல்றது?” என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அதுவும் இல்லாம, நீங்க ஊர்ல யார் சொல்றதையும் நம்ப மாட்டீங்களே. என்னை மட்டும் ஏம்ப்பா நம்பினீங்க?”

பதினொரு வருடம் ஊரார் பொய்யைப் பிடித்தவன் கண்ணாடியைத் துடைத்தான்.

பிறகு எழுந்து ஸ்டெம்மைக் கழற்றினான். கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததை எடுத்துவிட்டு, நீளம் குறைந்த வேறொன்றைத் தலைகீழாகத் திருப்பி, மேல்நோக்கிப் பூட்டினான். யாராவது அப்படிப் பூட்டிக்கொண்டு வந்தால், ஒட்டகம் வருது ஒட்டகம் என்று வாசலிலிருந்தே சிரிக்கிறவன் அவன். ஹாண்டில்பார் இரண்டரை விரல் உயர்ந்தது, ஒரு விரல் கிட்டே வந்தது. மகளைத் தாங்கியில் ஏற்றி மிதிக்கச் சொன்னான். முழங்கை மடங்கியது. தோள் காதை விட்டு இறங்கியது.

“இப்ப எப்படி இருக்கு? இல்ல, நீ சொல்லாத. நான் பார்த்துக்கிறேன்.”

டீச்சர் வாசற்படியில் நின்று கேட்டாள்: “அந்தப் பையனுக்கு என்ன சொல்றதுங்க?”

“ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு.”

“இன்னும் என்ன? பொண்ணை மேட்டுல தள்ளிக்கிட்டுப் போனவரு!”

“அதான் சந்தேகம். இவளுக்கு முடியலைன்னு தள்ளினான். இனிமே இவளுக்குத் தள்ள ஆள் வேண்டாம். தேவை போன பிறகு அந்த வலது கை எங்க போகுதுன்னு பார்க்கணும். கல்யாணம்னா ஏத்தம் மட்டும் இல்லையே.”

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அது கணக்காகத்தான் இருக்கிறது என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

லிஃப்ட்காரரின் சைக்கிளையும் வரவழைத்து, அன்றே இரண்டு சைக்கிளுக்கும் புது வெள்ளை டேப் சுற்றினான். லிஃப்ட்காரரிடம் எதற்கு என்று சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லையா என்பதில் அவனுக்குச் சந்தேகம். அவள் ஒவ்வொரு ஞாயிறும் யாரும் தள்ளாமல் மேடு ஏறியதாகக் கூட்டத்தில் மூன்று பேரை விசாரித்துத் தெரிந்துகொண்டான். வீட்டில் விழுந்த ஸ்பூன்களை எண்ணினான். முதல் வாரம் ஒன்று, அதற்குப் பிறகு இல்லை.

மாதம் முடிந்த சனிக்கிழமை இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். லிஃப்ட்காரர் வாசலில் நின்றார், பரீட்சை முடிவு பார்க்க வந்த மாதிரி. மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவருடைய டேப். இடது பக்கம் அழுக்கு. வலது பக்கம் மறுபடியும் வெள்ளை.

எக்ஸ்ரேயின் முகம் இறுகியது. இப்போது தள்ள வேண்டிய தேவை இல்லை, ஆனாலும் அந்தக் கை ஹாண்டில்பாரில் இல்லை. அப்படியானால் எங்கே?

பிறகு மகளின் டேப்பைப் பார்த்தான். வலது பக்கம் பிரேக் மூடியருகில் நன்றாகப் பிடித்த அழுக்கு, கீழ் வளைவிலும் கொஞ்சம். நல்லது. இடது பக்கத்துக்கு வந்தான். அங்கே நின்றுவிட்டான். இடது பக்கம் வெள்ளை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். அவருக்கு வலப்பக்கத்தில் இவள் ஓட்டுகிறாள். அவருடைய வலது கையும் இவளுடைய இடது கையும் ஒரு மாதமாக எந்த ஹாண்டில்பாரிலும் இல்லை.

“என்னங்க, இதுக்குமா எக்ஸ்ரே வேணும்?” என்றாள் டீச்சர் பின்னாலிருந்து. மகள் நகத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

எக்ஸ்ரே வாசலுக்கு நடந்து போய் லிஃப்ட்காரரின் முன்னால் நின்றான்.

“இறக்கத்துல மட்டும் ரெண்டு பேரும் ரெண்டு கையையும் பிரேக்ல வெக்கணும். புரியுதா மாப்பிள்ளை?”

“சரிங்க... மாமா.”

“வாயால சொல்லாதீங்க” என்று எக்ஸ்ரே புது டேப் சுருளை எடுத்துப் பிரித்தான். “அடுத்த மாசம் பார்த்துக்கிறேன்.”