நாலு சில்லும் இழுக்காத நாள்

எங்கள் வாப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் எங்களை வசதியான குடும்பம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஜீப்பைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைத்ததில்லை. அது என்னைவிட இருபது வயது மூத்தது. இடப்பக்கக் கதவு கம்பியால் கட்டப்பட்டிருக்கும். வலப்பக்கக் கதவைத் திறக்க, வெளியே ஒருவர் நின்று உதைக்க வேண்டும். பத்து மைலுக்கு ஒரு தடவை ரேடியேட்டர் கொதித்துப் பெருமூச்சு விடும். அதற்குத் தண்ணீர் காட்ட ஒரு சிவப்பு வாளி இருந்தது. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடி ஓடுவது என்னுடைய உத்தியோகம். வீதியோரக் கிணறுகளைப் பற்றிப் பன்னிரண்டு வயதில் எனக்கிருந்த அறிவு, பின்னாளில் நான் படித்துப் பெற்ற எந்தப் பட்டத்தைவிடவும் ஆழமானது. பயனில்லாமையிலும் இரண்டும் சமம்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. ஆண்தான் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். அவளுக்கு மகள் பிறந்தால், நாளைக்கு அது மகளுக்கு. காத்தான்குடியில் நாங்கள் இருந்த வீடு உம்மாவுடையது. வாப்பா வேலை பார்த்த துணிக்கடை உம்மாவின் வாப்பாவுடையது. ஏறாவூரில் வாப்பா பிறந்து வளர்ந்த வீடு, அவருடைய தங்கைக்குக் கல்யாணம் ஆன அன்றே அவளுடையதாகிவிட்டது. ஜீப் மட்டும்தான் வாப்பாவுடையது. அதையும் வளவுக்குள் விட உம்மா சம்மதிக்கவில்லை. முற்றத்து வெள்ளை மணலில் எண்ணெய் சொட்டுமாம். ஆகவே மதிலுக்கு வெளியே வேப்பமரத்தின் கீழ் அது நின்றது. இதிலெல்லாம் அப்போது எனக்கு எந்த விசேஷமும் தெரியவில்லை. எல்லா ஜீப்பும் மதிலுக்கு வெளியே நிற்பவை என்றுதான் நினைத்திருந்தேன்.

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்திருந்த காலம் அது. வாப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. வடக்கே கதிரவெளிக் கடற்கரைக்குப் போய், கூடாரம் அடித்து, குடும்பத்தோடு ஓர் இரவு தங்குவது. மூன்று மாதம் இதே பேச்சு. பற்றுச்சீட்டுகளின் பின்பக்கத்தில் வழி வரைந்தார். கடையிலிருந்த தடித்த துணியைக் கூடாரத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி மாமனார் சொல்லியும் கேட்காமல், காசு கொடுத்து வாங்கித் தைத்தார். தையற்காரர் வாழ்நாளில் இடுப்பில் கட்டும் சாரன் மட்டுமே தைத்தவர். கூடாரமும் அந்த ஜாடையிலேயே வந்தது. அடித்து நிறுத்தினால், யாரோ ஓர் இராட்சதன் சாரன் கட்டிக்கொண்டு குந்தியிருப்பது போலத் தெரியும்.

உம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சனமெல்லாம் அகதிக் காம்புல இருந்து வீட்ட போகுது. நீங்க என்னடாண்டா வீட்டுல இருந்து காம்புக்குப் போகப் போறீங்க!"

"இது வேற காம்பு புள்ள. இது ஆசைக்கு."

கடைசியில் உம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். வழியில் வண்டி ஒரு தடவை நின்றாலும் கதிரவெளி இல்லை. ஓட்டமாவடியில் இருக்கும் தன் ராத்தாவின், என் பெரியம்மாவின், வீட்டில் இரவு தங்கிவிட்டு, காலையில் திரும்பிவிட வேண்டும். எனக்கும் அதுவே வசதியாகப் பட்டது. பெரியம்மா வீட்டில் பெரிய டீவி உண்டு. வண்டி நிற்க வேண்டும் என்று நான் துஆ கேட்கவில்லை. கேட்காமலே நடக்கக்கூடிய காரியத்துக்கு எதற்குத் துஆ?

இந்தக் காலத்தில் ஜீப்பைப் பற்றி வாப்பா நடத்திய பாடங்களை நான் கவனிக்காமல் இருப்பதைக் கொள்கையாக வைத்திருந்தேன். சக்கரத்தை நாங்கள் சில்லு என்போம். முன்சில்லு, திருகு, பூட்டு என்று என்னென்னவோ வரும். தங்கச்சிக்கு நாலு வயது, அவளுக்கு விளங்காது. ஓடித் தப்ப முடியாமல் அடுப்படியில் அகப்பட்ட உம்மாதான் ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கேட்டார், வெங்காயம் உரித்துக்கொண்டு.

விடிந்ததும் கிளம்பினோம். சோதனைச் சாவடி வரிசையிலேயே பாதிப் பகல் போனது. முறை வந்ததும் சாமான் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். பாய் நாலு, தலையணை, மண்ணெண்ணெய் அடுப்பு, சட்டி, பானை, விளக்கு. ஒரு சிப்பாய் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அரைத் தமிழில் கேட்டான். "வீடு மாறுறதா?"

"ஓம் ஓம்," என்றார் வாப்பா. வாய் கொள்ளாத சிரிப்பு. ஒரு சாதாரணக் கேள்விக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றியது நான்.

ஏறாவூரில் ஒரு வீட்டுக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கி ஹோர்ன் அடித்தார். அது மாமியின் வீடு, வாப்பா பிறந்து வளர்ந்த அதே வீடு. நிற்கவில்லை. கிரானில் ஒரு தடவை கொதித்தது. ஆனால் எஞ்சினை அணைக்காமலே தண்ணீர் ஊற்றியதால் அது நின்ற கணக்கில் சேராது என்று வாதாடி வென்றார். ஓட்டமாவடிப் பாலம் தாண்டியது. பெரியம்மா வீட்டுக்குத் திரும்பும் சந்தியும் தாண்டியது. எனக்குள் அந்த டீவி அணைந்தது.

சந்தி தாண்டி ஒரு மைலில், ஆற்றைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிப்போம் என்று வாப்பா வீதியைவிட்டு இறக்கினார். எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வது. கண்டல் மரங்களுக்கு இப்பால் நிலம் வெள்ளையாகக் காய்ந்து, சிமெந்து போட்டது போல் கிடந்தது. ஜீப் ஐம்பது யார் போனது. பிறகு அந்தச் சிமெந்து, அப்பளம் போல நொறுங்கியது. அடியில் கறுத்த சேறு. பின்சில்லு இரண்டும் அச்சு வரை இறங்கின.

"பயப்பிடாதீங்க. இது நாலு சில்லும் இழுக்கிற வண்டி," என்று சொல்லி, காலடியிலிருந்த சின்னத் தடியை இழுத்துப் போட்டார். எஞ்சின் அலறியது. பின்சில்லுகள் சுற்றி, தள்ளுவதற்கு இறங்கி நின்ற என் வெள்ளைச் சட்டையைக் கறுப்பாக்கின. முன்சில்லுகள் அசையவேயில்லை, வேறு யாருடைய வண்டியிலோ பூட்டியவை போல.

"நிண்டிட்டு," என்றார் உம்மா.

அந்த ஒரு சொல்லில் மூன்று மாதமும் முடிந்தது. வாப்பா எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரம் சுக்கானைப் பிடித்தபடியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா, வலையோடு சைக்கிளில் வந்த ஒருவரை மறித்து ராத்தாவின் வீட்டுக்குச் செய்தி அனுப்பினார். இந்த இடைவெளியில் வாப்பா இறங்கி என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? மேட்டில் கூடாரத்தை அடித்தார். கேட்டதற்கு, "புள்ளைகளுக்கு நிழல்" என்றார். வெயில் அப்போது சாயத் தொடங்கியிருந்தது.

அஸர் தொழுது முடிய, உழவு இயந்திரம் வந்தது. ஓட்டி வந்தவர் பெரியாப்பா, அதாவது பெரியம்மாவின் கணவர். பின்னால் இழுத்து வந்த பெட்டியில் பெரியம்மா சோற்றுச் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். பெரியாப்பா வெளிநாட்டில் பதினெட்டு வருடம் லொறி ஓட்டியவர். அந்தப் பதினெட்டு வருடமும் சேர்ந்து எழுப்பிய மாடி வீடு, முறைப்படி பெரியம்மாவின் பெயரில் இருந்தது.

வாப்பா கூடாரத்தின் வாசலில் போய் நின்றார். துணியை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தார். தலைப்பாகை கட்டாத குறை.

"வாங்க காக்கா, வாங்க மச்சி! உள்ளுக்கு வாங்க. இரிங்க. பாயில இரிங்க." காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன், மச்சி என்றால் மைத்துனி.

"வாப்பா, துணிய விடுங்க! நுளம்பு வருது!" என்று நான் கத்தினேன். அவர் விடவில்லை. அவர்கள் இருவரும் குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்து, தேத்தண்ணியை வாங்கி, குடித்து முடிக்கும்வரை பிடித்தபடியே நின்றார். அவ்வளவு நுளம்பும் என்னைத் தேடி வந்து கடித்தன.

பெரியம்மா எழுந்தார். "செரி, எழும்புங்க எல்லாரும். மேல கட்டில் போட்டு வெச்சிரிக்கன். இதென்ன கா கூத்து, சொந்தக்காரங்க வீடு பக்கத்துல இரிக்கக்குள்ள!"

உம்மா பையை எடுத்தார். ஒரு காலைப் பெட்டியில் வைத்தார். நான் அதற்குள் ஏறி உட்கார்ந்தே விட்டேன்.

வாப்பா சண்டை பிடிக்கவில்லை. "நீங்க போங்க. வண்டிய விட்டிட்டு வர ஏலா. நான் நிக்கிறன்."

"இழுத்தா வராதா மச்சான்?" என்று உம்மா பெரியாப்பாவைக் கேட்டார்.

பெரியாப்பா ஜீப்பைச் சுற்றி வந்தார். முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். சில்லின் நடுவில் எதையோ விரலால் துடைத்துப் பார்த்தார். தலையைத் தூக்கி வாப்பாவைப் பார்த்தார். வாப்பா ஆற்றைப் பார்த்தார். பெரியாப்பா கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்டைக்கு வராது தங்கச்சி. உழவு மிசினும் புதைஞ்சி போகும். விடியட்டும் பாப்பம்." பிறகு தன் மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தம்பி தனிய நிண்டா செரி வராது. நானும் நிக்கிறன்."

பெரியம்மா வாயைத் திறந்தார். ஆனால் உம்மா முந்திக்கொண்டார். முன்சில்லை ஒரு தடவை பார்த்தார். வாப்பாவை ஒரு தடவை பார்த்தார். பெட்டியில் வைத்த காலைக் கீழே எடுத்தார்.

"நாங்களும் நிக்கிறம் ராத்தா. வண்டிய விட்டிட்டு எப்பிடிப் போற? களவு போயிரும்."

அந்த ஜீப்பைக் களவெடுக்கப் போகிறவனுக்கு ஒரு சிவப்பு வாளியும் அதைத் தூக்க ஒரு மகனும் தேவைப்படும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் பெட்டியிலிருந்து இறக்கப்பட்டேன். பெரியம்மாவும் புறுபுறுத்துக்கொண்டே, சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தார். டீவியுள்ள மாடி வீடு ஒரு மைல் தூரத்தில் ஆளில்லாமல் கிடக்க, நாலு பேரே கொள்ளாத ஒரு சாரனுக்குள் ஆறு பேர் படுத்தோம். பெரியாப்பா குறட்டை விட்டார். நுளம்புகள் என்னைப் பற்றிய செய்தியைக் கதிரவெளி வரைக்கும் அனுப்பியிருக்க வேண்டும்.

சுபஹுத் தொழுகை முடிந்த வெளிச்சத்தில் சொறிந்துகொண்டு வெளியே வந்தேன். வாப்பா ஜீப்பின் முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சில்லின் நடுவிலிருந்த சின்னத் திருகைக் கையால் கால்வட்டம் திருப்பினார். சேற்றில் நடந்து மறுபக்கம் போய் அதையும் திருப்பினார். ஏறி எஞ்சினைத் தொடக்கித் தடியைப் போட்டார். நேற்று அசையாத முன்சில்லுகள், பசுமாடு எழும்புவது போல மெல்ல முனகி, மண்ணைப் பற்றி, வண்டியை மேட்டுக்கு இழுத்து வந்தன. உழவு இயந்திரத்தின் கயிறு கட்டு அவிழாமலே கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே எடுத்துக் காட்ட முடியும்.

"இவ்வளவுதானா? இத நேத்தே திருப்பியிருக்கலாமே வாப்பா!"

"மறந்திட்டன் மகன்," என்றார். சேறு பூசிய முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

நியாயம் கேட்டு உம்மாவிடம் திரும்பினேன். கூடாரத்தின் வாசலில் அடுப்பை மூட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடிதான் இருந்தார். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுத்துப் பிசகாமல் சொல்லக்கூடியவர். அந்தத் திருகின் பாடத்தை அடுப்படியில் ஏழெட்டுத் தடவை கேட்டவர். வாப்பாவைத் திட்ட வேறு காரணமில்லாத நாட்களில் வேப்பமரம் இலை கொட்டியதற்காகத் திட்டியவர்.

"தேத்தண்ணி கொதிக்கிது," என்றார் உம்மா. "உள்ளுக்கு வந்து குடிச்சிட்டு எடுங்களன். என்ன அவசரம்."

திட்டியே ஆக வேண்டிய ஒரே ஒரு நாளில் அவர் வாப்பாவைத் திட்டவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், சிவப்பு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அதற்காக இருவர் மீதும் கோபமாக இருந்தேன்.