பள்ளி வாசலில் கழற்றிய செருப்புகள்

குடற்புழு நீக்க மாத்திரை வழங்கும் நாளன்று, பள்ளிபாளையத்தை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில், சரியான விடை சொன்ன மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். சுகாதார ஆய்வாளராக அன்று வகுப்பெடுத்தவன் நான்.

கொக்கிப்புழு உடலுக்குள் எவ்வாறு புகும் என்று கேட்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புக் கோமதி எழுந்தாள்.

"ஈரமண்ணுல வெறுங்காலோட நடந்தா பாதத்து வழியா ஏறுமுங்க. ரத்தத்தக் குடிக்குமுங்க. செருப்புப் போடோணுமுங்க."

எல்லோரும் கைதட்டினர். உட்காரப் போனவள் சரிந்தாள். செவிலியர் சோதித்தபோது ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகக் குறைவு. பிறகு செய்த மலப் பரிசோதனையில் கொக்கிப்புழுவும் உறுதியானது.

அவள் பாதங்களில் சேறு காய்ந்திருந்தது.

"செருப்பு எங்க சாமி?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூட வாசல்ல கெடக்குதுங்க. உள்ள போட்டா ஹெட்மாஸ்டர் வைவாருங்க."

"வெளிக்குப் போறப்ப?"

"அப்பவும் இப்படியேதானுங்க. கக்கூஸ் பூட்டிக் கெடக்குது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஓடைப்பக்கந்தான் போவோம்."

தலைமையாசிரியரிடம் சென்று, பிள்ளைகளை உள்ளேயும் செருப்போடு நடக்க விடலாமே என்று கேட்டேன்.

"ஏனுங்க சார், சரஸ்வதி குடியிருக்கற எடம் இது. நெத்தி நெறையத் திருநீறு பூசிட்டு நீங்களே இப்படிக் கேக்கலாமுங்களா?" என்றார்.

"கக்கூஸத் தொறந்து உடுங்க. இல்லாட்டி ஓடைக்குப் போறப்பவாச்சும் செருப்புப் போட உடுங்க."

"கழுவ ஆளில்லீங்க. அதான் மாத்திரை குடுத்துட்டீங்கல்ல?"

நாள்தோறும் பதிகம் ஓதிய பின்பே பணிக்குப் புறப்படுபவன் நான். பிள்ளைகளின் பாதங்களை நோய்க்கு ஒப்புக்கொடுக்கும் ஆசாரத்தை எந்த ஈசனும் கேட்டதாக நான் அறியேன்.

மகளை அழைத்துப்போக வந்த கோமதியின் தாய் தறி ஓட்டுபவர். "வகுப்புல தூங்கியே விழுகறாளாமுங்க. படிப்பு ஏறாதுன்னு வாத்தியாரே சொல்லிப்போட்டாரு. தறிக்காவது வரட்டுமுங்க" என்றார்.

"சோம்பல் இல்லீங்கம்மா, ரத்தமில்லாத களைப்பு. மருந்து குடுத்துப் பாக்கலாம், கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுத்தார். இரும்புச்சத்து மாத்திரையில் மகளின் முகம் தெளிந்தது; கணக்கில் தேறினாள். ஆனால் பூட்டு திறக்கப்படவில்லை. ஓடைக்கு வெறுங்காலோடு போவதும் நிற்கவில்லை. பூட்டிய கழிப்பறை பற்றி மேலிடத்துக்கு எழுதினேன். விழிப்புணர்வில் அப்பள்ளி முன்மாதிரி என்று பாராட்டு வந்தது. மாணவர்கள் விடை சொன்ன அழகை யாரோ புகழ்ந்திருந்தார்கள்.

மீண்டும் புழு, மீண்டும் தூக்கம். இம்முறை தாய் பொறுக்கவில்லை. கோமதி இப்போது தறியில் அறுந்த நூலை முடிச்சிடுகிறாள்.

இப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகள் சரியான விடை சொல்வதைக் கேட்டு மகிழ்ந்து திரும்பிவிடாதீர்கள். முதலில் கழிப்பறைச் சாவியைக் கேளுங்கள். கதவு திறந்து, குழாயில் தண்ணீர் வந்த பிறகு வகுப்பைத் தொடங்குங்கள்.