ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் ஒரு ரசம் சாதம்

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு பழைய பங்களாவில் வாத்தியங்களுக்கென்று சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. பழைய வீணைகள், தோல் கிழிந்த மிருதங்கங்கள், ஏதோ ஒரு மாதா கோயிலிலிருந்து வந்த மிதி ஆர்கன் என்று ஒரு கூடம் நிறையச் சாமான்கள். அதைக் கட்டிக் காத்தவர், பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கப் பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மழை பிடித்தால் குடையோடு வீட்டிலிருந்து ஓடி வந்து, ஒழுகும் இடங்களிலிருந்து வாத்தியங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைப்பார்.

அந்த வருஷம் டிரஸ்டிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழைக்குள் கூரையைச் சரிசெய்யாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிட்டுச் சாமான்களைக் கிண்டியில் ஒரு கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களாம். கிடங்குக்குப் போனது திரும்பி வராது என்று டீச்சருக்குத் தெரியும். பணம் திரட்ட பங்களாத் தோட்டத்தில் பெரிய விருந்து வைப்பதாக முடிவாயிற்று. உடனே ஒரு கமிட்டி. மாட்டேன் என்று சொல்ல வராத குறையால் நானும் அதில் இருந்தேன்.

கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டினார்.

“நல்ல காரியம். நாள் நன்னா இருக்கணுமோல்லியோ? ஆவணிக் கடைசியில ஒரு முகூர்த்தம் இருக்கு. அதையே வெச்சுண்டுடலாம்.”

பேஷ் என்றோம். நாள் பார்ப்பதில் எங்கள் பேட்டையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதே நாளை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அழைப்பிதழ் அச்சாகி, டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்த பிறகு வடபழனிக்குச் சமையல்காரரைப் பார்க்கப் போனோம்.

“இன்னா டீச்சர், முகூர்த்த நாளாப் பாத்து கேக்குறீங்க? அன்னிக்கு எனுக்கே ரெண்டு மண்டபம் கீது. கரண்டி புடிக்கக்கூட ஆள் இல்ல” என்றார் அவர்.

ஆடி முழுக்கக் காத்திருந்த கல்யாணமெல்லாம் ஆவணியில் நடக்கும். புரட்டாசி பிறந்தால் மறுபடி நிறுத்தம். ஆகவே அந்தக் கடைசி முகூர்த்தத்துக்குப் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, அண்டா குண்டானும் இல்லை. டிக்கெட் வாங்கியவர்களோ ஒவ்வொருவராகப் போன் செய்து, அன்றைக்குத் தி.நகரில் ஒரு ரிசப்ஷன், அடையாறில் ஒரு ரிசப்ஷன் என்று இழுத்தார்கள். வக்கீல் தேதியைத் தள்ளிப் போடலாம் என்றார். புரட்டாசி முதல் வாரமே வேலையை ஆரம்பித்தால்தான் மழைக்குள் முடியும் என்று கொத்தனார் சொல்லியிருந்ததால் அதுவும் முடியாது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காலண்டரையே கிழித்திருப்பேன்.

டீச்சர் யார் மேலும் பழி போடவில்லை. வக்கீலைப் பார்த்துக் கேட்டார்.

“சார், இந்த மாசம் நிறைய கல்யாணம் சாப்பிட்டீங்களா?”

“அதை ஏன் கேக்கறேள். வயிறு கல்லாட்டம் இருக்கு. ஆத்துக்கு வந்து ஒரு வாய் ரசஞ்சாதம் கெடச்சாப் போறும்னு இருக்கு.”

“அப்போ அதையே போட்டுடலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் அவரே போன் செய்தார். ரிசப்ஷனில் முகத்தைக் காட்டுங்கள், கவரைக் கொடுங்கள், சாப்பிடாமல் இங்கே வந்துவிடுங்கள் என்றார். மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், மோர். போனில் சிலர் அப்பாடா என்று பெருமூச்சு விட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார். சமையல் எங்கள் வீடுகளிலேயே நடந்தது. துவையல் எங்கள் வீட்டுப் பங்கு. டீச்சர் போகும் மாதா கோயில் பெண்கள் தோட்டத்து மூலையில் கரி அடுப்பு மூட்டி அப்பளம் சுட்டார்கள். நாற்காலிக்குப் பதில் வீட்டு ஜமக்காளங்களைப் புல்தரையில் விரித்தோம்.

வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்கள். பட்டுப்புடவையும் மல்லிகையுமாக, மேலே பன்னீர் வாசனையோடு, ஆட்டோவிலும் காரிலும் வந்து இறங்கி, இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்கள். எங்கள் வக்கீல் மூன்றாம் முறையும் துவையல் கேட்டார். எவ்வளவோ பெரிய விருந்துகளுக்குப் போயிருக்கிறேன். சாப்பிட்டவர்கள் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எப்பேர்ப்பட்ட மூளை இந்த அம்மாவுக்கு என்று மலைத்துப்போனேன்.

டிக்கெட் பணம் பாதிக் கூரைக்குத்தான் வரும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். டீச்சர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகூப்பி விடைகொடுத்தார். முதலில் புறப்பட்ட அம்மாள் ஒருவர், இப்படிச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று, கைப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய மொய்க் கவரை எடுத்து, பணத்தை வைத்து டீச்சர் கையில் கொடுத்தார். முகூர்த்தக் காலத்தில் யார் பையிலும் உபரியாக ஒரு கவர் இருக்கும். பின்னால் வந்தவர்களும் பார்த்துக்கொண்டே பையைத் திறந்தார்கள். மீதிக் கூரைக்கும் வழி பிறந்தது.

எல்லோரும் போனபின் டீச்சர் மடி நிறையக் கவர்களோடு படியில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் மொய் எழுதியிருக்கேன். எனக்கு எழுத இன்னிக்குத்தான் வந்திருக்காங்க” என்றார்.



ஐப்பசியில் முதல் மழை கொட்டிய மாலையில் நான் போனபோது டீச்சர் வழக்கம்போலக் குடையோடு ஓடி வந்திருந்தார். நகர்த்த ஒன்றும் இல்லாததால், மழை விடும்வரை வீணைகளுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தார்.