சிவப்புக் காகித நாக்கு

நவம்பர் கடைசியானால் இந்த ஊரில் பெரியவர்கள்கூடக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். டென்மார்க்கின் மேற்குக் கரையில், காற்றையும் மழையையும் தவிர வேறு பேச்சே இல்லாத ஒரு சின்ன ஊர் இது. நூலகத்தில், தேவாலயத்துக் கூடத்தில், அலுவலகச் சாப்பாட்டு அறையில் என்று எங்கே பார்த்தாலும் மேஜை நிறையப் பளபளக்கும் காகிதம். பஸ் ஓட்டுகிறவர், பல் டாக்டர், தாடி நரைத்த தாத்தாக்கள் எல்லாரும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நட்சத்திரம் மடிக்கிறார்கள், இதயம் பின்னுகிறார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதைக் கடையில் வாங்கினால் ஆகாதாம். நம் சங்கரன்கோவிலில் வயதுவந்த ஓர் ஆண்பிள்ளை கடைவாசலில் உட்கார்ந்து கலர் பேப்பர் வெட்டினால், வீட்டில் கல்யாணமா, கட்சிக் கூட்டமா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லையென்றால் ஆளை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுவார்கள். வந்த புதிதில் நானும் இவரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். போன குளிர்காலத்தில் நானும் அந்த மேஜையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இவர் இருந்தார். சிரிக்கவில்லை, பேசவும் இல்லை.

இவர் என்றால் என் கணவர் கோமதிநாயகம். நம் ஊர்ப் பக்கத்துக் காற்றாலைகளில் தொழில் பழகி, அந்த வேலைக்காகவே இங்கே வந்தவர். எங்கள் இரண்டு பேர் வீடும் விசைத்தறி வீடு. தறி ஓடுகிற தெருவில் வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அடுப்படியில் நின்று உப்புப் போதுமா என்று கேட்பதைக்கூடத் தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பித்தான் கேட்டுப் பழக்கம். இங்கே வந்து சில வாரங்களில் கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டினார். என்னைத் தனியாக அழைத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா, போலீஸைக் கூப்பிட வேண்டுமா என்று சைகை காட்டிக் கேட்டார். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ரசத்துக்குப் புளி காணுமா, இன்னும் கொஞ்சம் கரைக்க வேண்டுமா என்பதைப் பற்றி. இவர்தான் வந்து டேனிஷில் விளக்கி அவரைச் சமாதானமாக அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, "ஏட்டி, ஒன் சத்தத்துக்கு என்னைய ஜெயில்ல போட்டுருவானுவ போலுக்கே" என்றார்.

இவருக்கு டேனிஷ் நன்றாக வரும். வங்கி, டாக்டர், வாடகை வீட்டுக்காரர் என்று வெளியுலகம் முழுவதற்கும் இவர்தான் எங்கள் வாய். நான் மொழிப் பள்ளிக்குக் கொஞ்ச காலம் போனேன். தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிற அந்த ஓசைகளோடு மல்லுக்கட்ட முடியாமல் நின்றுவிட்டேன். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குள் இரண்டு பேர், பேசத் தீராத நம் ஊர்ப் பேச்சு. அது போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றபடி இவர் தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அத்தை எதற்கோ சத்தம்போட, இவர் பதிலுக்குச் சத்தம்போட, பாதி வாக்கியத்தில் நின்றுபோனார். கையிலிருந்த தோசைக்கரண்டி கீழே விழுந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கையும் பேச்சும் போயின. நான் இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தரையில் கிடந்த போனில் அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்: "ஏலே நாயகம், லைன் கட்டாயிட்டா? ஏலே, கேக்கா?"

ஆஸ்பத்திரியிலிருந்து மறுவாழ்வு நிலையத்துக்கு மாற்றினார்கள். நல்ல இடம், நல்ல மனிதர்கள். ஆனால் அவ்வளவு அமைதியை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இவருக்குப் பேச முடியாது, எனக்கு அந்த மொழி தெரியாது. நாள் முழுவதும் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று, இவர் மறுபடியும் பேச வேண்டும். காலையில் கண் விழித்ததும் அதை வேண்டிக்கொள்வேன், சோறு வடிக்கும்போது வேண்டிக்கொள்வேன், பஸ்ஸில் வேண்டிக்கொள்வேன்.

அங்கே கைப்பயிற்சி கொடுக்கிற கிர்ஸ்டன்தான் எங்களைக் காகித மேஜைக்குக் கூட்டிப்போனார். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு காகிதங்கள். மடித்துக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்தால் இதயம் வரும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே தைரியம். பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்தவளுக்கு இதென்ன பிரமாதம் என்று, மேலே ஒன்று கீழே ஒன்று என்று தறித்துணி மாதிரி மளமளவென்று நெய்து நீட்டினேன். கட்டம் கட்டமாக அழகாகத்தான் இருந்தது. கிர்ஸ்டன் வாங்கி அதன் வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அது பைபோலத் திறக்க வேண்டுமாம், அதற்குள் மிட்டாய் போடுவார்களாம். கீற்றை மேலேயும் கீழேயும் விடக்கூடாது. ஒன்றின் வயிற்றுக்குள் விட்டு, அடுத்ததைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நான் நெய்ததோ ஒட்டிப்பிடித்த துண்டு மாதிரி கிடந்தது. பரம்பரை நெசவுக்காரியின் லட்சணம் அவ்வளவுதான்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. இவர் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பழைய சிரிப்பு, தோள் குலுங்க. இடது கையை நீட்டி, காகிதத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் வலது கையால் கீற்றைக் கோத்தேன். இவர் பிடிக்க, நான் கோக்க, இரண்டாவது இதயம் திறந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கணவர் இப்படிக் கிடக்கும்போது காகிதம் வெட்டிச் சந்தோஷப்படுகிறாளே என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அந்த மேஜையில் மட்டும் எங்களுக்குள் குறை எதுவும் தெரியவில்லை. தினமும் பின்னினோம். கட்டிலுக்கு மேலே, ஜன்னலில், மருந்து ஏற்றும் கம்பியில் எல்லாம் இதயங்கள் தொங்கின.

வீடியோவில் அதைப் பார்த்து அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன தாயி, தோரணமெல்லாம் கெட்டியிருக்கு? கலியாண வீடா அது?" என்றார். இவர் இடது கையால் ஓர் இதயத்தை எடுத்துக் காமிராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். அத்தை போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "அவனா பிடிச்சான்? பிடிக்கட்டும், பிடிக்கட்டும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் அத்தை கோயிலுக்குப் போய்வந்து சொன்னார். நம் கோயிலைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கண்ணில் நோவு என்றால் தகட்டில் அடித்த கண், காலில் என்றால் கால், பாம்பு பயம் என்றால் பாம்பு என்று வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். அத்தை வெள்ளியில் ஒரு கையும் ஒரு நாக்கும் போட்டிருக்கிறார். "அம்மன் கையில ஒப்படைச்சாச்சு தாயி. இனிமே அவ பாடு" என்றார்.

எனக்கும் ஒப்படைத்துவிட ஆசையாக இருந்தது. இங்கே அதற்குக் கோயில் எங்கே இருக்கிறது? கண்ணுக்கு முன்னால் இருந்தது நிலையத்துக் கூடத்தில் நின்ற கிறிஸ்துமஸ் மரம். எல்லாரும் அதில்தான் மனதில் உள்ளதைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைக் காகிதத்தில் இவர் கையை வைத்து வரைந்து வெட்டினேன். சிவப்பில் ஒரு நாக்கு வெட்டினேன். இரண்டிலும் நூல் கோத்து, கண்ணை மூடி, இவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி மரத்தில் கட்டினேன். பின்னால் வந்த கிர்ஸ்டன் நாக்கைத் தொட்டுப் பார்த்து, "யோர்பேர்!" என்று மகிழ்ந்தார். ஸ்ட்ராபெர்ரியாம். நாக்கு என்பதற்கு டேனிஷ் வார்த்தை எனக்குத் தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

பண்டிகை முடிந்து மரத்தை எடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்து கிர்ஸ்டன் மெல்லிய தாளில் பத்திரமாகச் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். இங்கே அப்படித்தான், செய்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று. பிரித்துப் பார்த்தேன். கை இருந்தது, நாக்கு இருந்தது. உண்டியலில் போட்டது திரும்பி வந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த டேனிஷ் சொல் கடவுள் ஒன்றுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். இங்கே ஆச்சரியப்பட்டாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுவார்கள். நான் வெட்டிய அழகைக் கண்டு நானே மலைத்துப்போனேன் என்று நினைத்தாரோ என்னவோ, கிர்ஸ்டன் என்னைக் கட்டிக்கொண்டு, அருமையாக இருக்கிறது, அருமையாக இருக்கிறது என்று முதுகைத் தட்டினார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அத்தையிடமும் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஆற்றில் விட்டேன்; ஐஸ் ஓரமாகக் கொஞ்ச தூரம் போய்க் காணாமல் போயின.

ஆனால் இவர் பேசினார். அதற்குப் பிறகு, பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், மேஜையில் வெள்ளைக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. இவர் என்னைப் பார்த்து, தொண்டையைச் செருமி, வாயைக் கோணி, "பபியர்" என்றார். காகிதம். டேனிஷில். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கிர்ஸ்டன் ஓடிவந்தார், கைதட்டினார், நானும் தட்டினேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். அடுத்து வந்த நாள்களில் சிவப்பு வந்தது, கத்தரிக்கோல் வந்தது, தண்ணீர் வந்தது, நன்றி வந்தது. ஒவ்வொன்றும் டேனிஷில். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதே பொருளைக் காட்டி, காகிதம், சிவப்பு, தண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இவர் என் வாயையே பார்ப்பார். வியர்க்கும். பிறகு டேனிஷ் சொல்லைச் சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோலப் பார்ப்பார்.

பேச்சுப் பயிற்சி தருகிறவர் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வைத்துச் சொன்னார். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டாம். பயிற்சி கிடைக்கிற மொழி முதலில் மேலே வரலாம். மற்றது, பேசுவதும் சரி, புரிவதும் சரி, பின்னால் வரலாம், வராமலும் போகலாம். தமிழில் பயிற்சி தர இங்கே யார் இருக்கிறார்கள்? மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை, ஏதோ சென்னைத் தமிழ். ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்த தமிழைக் கேட்டே எனக்கு ஏக்கமாக இருந்தது. பேச வேண்டும் என்று வேண்டினேனே, எந்த மொழியில் என்று நான் சொல்லவே இல்லை. அப்படி ஒன்றைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அத்தையிடம் நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். உடைந்துவிடுவார் என்று பயந்தேன். அத்தை ஒரு முறை கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். "பேசுதாம்லா தாயி? அது போதும். என்ன பாசையா இருந்தா என்ன, நான் பெத்த புள்ள சத்தம்லா அது." பிறகு, "சாப்பிட்டியான்னு அந்தப் பாசையில எப்பிடிக் கேக்கது? எனக்குச் சொல்லிக்குடு" என்றார். சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாள் தறியடியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். தறியில் பாவு நூலைப் பிணைக்க வந்தவரிடமும் அதையே கேட்டுவிட்டாராம்.

நேற்றுக் காலை வீடியோவில் வந்தார். பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று தறியை நிறுத்தச் சொல்லியிருந்தார். தறி ஓடாத எங்கள் வீட்டை நான் பார்த்ததே இல்லை. போனை இவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அத்தை மூச்சை இழுத்துக்கொண்டு, "ஹார் டு ஸ்பிஸ்ட், மக்கா?" என்றார்.

இவர் முகம் மலர்ந்தது. "யா" என்றார். கொஞ்சம் திணறி, "ரிஸ்" என்றும் சொன்னார்.

"என்னமோ சொல்லுதான்! என்ன சொல்லுதான் தாயி?" என்று அத்தை பரபரத்தார்.

"சாப்பிட்டாவளாம் அத்தை. சோறு சாப்பிட்டாவளாம்."

அத்தை திரும்பி, "சோறு சாப்பிட்டானாம்!" என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி கத்தினார். எனக்கும் அந்தச் சத்தத்தில் சொல்ல ஆசை வந்தது. இவர் பக்கம் குனிந்து, எங்கள் தெருக்குரலில், "சோறு, என்னங்க, சோறு" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் புரியாத மொழியில் ஏதோ கேட்கிற வெளியூர்க்காரியைப் பார்த்து இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்களே, அப்படி, மரியாதையாக, தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்தார்.