துவைத்துக் கொடுத்த ஜப்ளா

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். பெற்றது மூன்று, மற்ற இரண்டும் செத்துப்போன என் நாத்தனாருடையவை. ஐந்துக்கும் நானேதான் தைத்துப் போட்டேன், கடையில் வாங்கியதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு?

மங்கலம் ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் நாலு தையல் மெஷின். பெரிய கம்பெனிக்காரர்கள் கண்ணுக்கு அது ஒரு கம்பெனியாகவே தெரியாது. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைக்கு முதலில் போடுகிற ஜப்ளா, நாடா வைத்து முடிகிற அந்தச் சின்ன பனியன் துணிச் சட்டை, பல வருஷம் எங்கள் கொட்டகையிலிருந்துதான் போனது. அந்த ஒரு ஆர்டரில்தான் கொட்டகை நின்றது. அங்கே தைத்த பெண்களும் அதை நம்பித்தான் இருந்தார்கள்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவது எங்களில் வழக்கமில்லை. தாத்தாவின் பழைய வேட்டி, அம்மாவின் நைந்த சேலை, இதில்தான் முதலில் சுற்றுவோம். புதுத்துணியில் சாயப்பட்டறை மருந்து வாடை போகாமல் இருக்கும், தையல் உறுத்தும். என் மூத்தவளுக்கு அவசரத்தில் புதுச்சட்டை போட்டதில் உடம்பெல்லாம் சிவந்து, ராத்திரி பகலாக அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் பழைய வேட்டி கையோடு கொண்டு வருவார்களா? அதனால் தைத்த ஜப்ளாவை நாங்கள் அப்படியே கட்டி அனுப்புவதில்லை. பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் துவைத்து, அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி ஒருமுறை துவைப்போம். போர்வெல் தண்ணீர் உப்பு, அதில் நனைத்தால் துணி விறைத்துக்கொள்ளும். குழாயில் ஆற்றுத் தண்ணீர் விடுகிற நாளாகப் பார்த்துத்தான் துவைப்பது. இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் எங்களைக் கேட்கவில்லை.

அப்போது டெண்டர் என்றால் விலையை எழுதிக் கவரில் ஒட்டி, ஆஸ்பத்திரி ஆபீஸில் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். கூடவே மாதிரிக்கு ஒரு ஜப்ளா கொடுக்க வேண்டும். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா யார் கொடுத்த துணியானாலும் எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். எங்களுடையதைத் தேய்த்துவிட்டு ஒருமுறை கேட்டார்:

"ஏனுங்கம்மா, இதே மாதிரி எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு தெச்சுத் தருவீங்களா? வெயில் வந்துட்டா மனுசன் எரிஞ்சு எரிஞ்சு உழுகறாருங்க."

"துணி இருக்குதுங்க. வயித்தச் சுத்திக் கட்ட நாடாதான் பத்தாது" என்றேன். ஸ்டோரே சிரித்தது.

நர்ஸம்மா ஓய்வு பெற்றுப் போனார். கொஞ்ச காலத்தில், எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற என் மகள்வயிற்றுப் பேத்தி வந்து சொன்னாள்:

"அம்மாயி, இனிக் கவரெல்லாம் வாங்க மாட்டாங்களாமா. எல்லாமே ஆன்லைன்லதானுங்க. கையெழுத்தும் அதுலயேதான்."

என் பெயரைக் கோணாமல் எழுத நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவள் நான். அந்தக் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் நான் கையெழுத்துப் போட்டதாக அர்த்தமாம்.

"அப்ப நான் செத்துப் போனாலும் இது கையெழுத்துப் போடுமா கண்ணு?"

"பாஸ்வேர்டு வேணுமுங்க அம்மாயி."

"அதையும் நீதான வெச்சிருக்கற. பொறவு நான் எதுக்கு?"

மாதிரித் துணி கொடுக்க வேண்டியதில்லை, படம் எடுத்துப் போட்டால் போதும் என்றாள். மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு ஜப்ளாவை எடுத்து இஸ்திரி போடப் போனாள். நான் விடவில்லை.

"குடுக்கறது ஒண்ணு, காட்டறது ஒண்ணா? துவைச்சத எடுத்துப் போடு."

"படத்துல யாரும் தொட்டுப் பாக்க முடியாதுங்க அம்மாயி. கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்கோணும்."

துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் இருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவளும் சேர்ந்துகொண்டாள். "பொண்ணு பாக்க வாரவங்க முன்னால பழைய சேலையிலயா கொண்டுபோய் நிறுத்துவாக? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!"

"கட்டிக் குடுத்த பொறவு பழைய சேலையிலதான நிக்கப்போறா? மாப்பள இப்பவே பாத்துக்கட்டும்" என்றேன். கொட்டகையே சிரித்தது. துவைத்த ஜப்ளாவின் படம்தான் போனது.

பதில் பேத்தியின் போனுக்கு வந்தது. பேத்தி குரலைத் தணித்துக்கொண்டு வாசித்தாள்: மாதிரி, பயன்படுத்திய பொருளாகத் தெரிகிறது. புதிய பொருள் மட்டுமே ஏற்கப்படும். விலையைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எங்களைத் தள்ளிவிட்டார்கள்.

"யார் போட்டதாம்?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "பயன்படுத்துனதுன்னா எந்தக் கொழந்தைக்குப் போட்டதாம்? கேட்டுச் சொல்லு."

ஆட்சேபம் இருந்தால் எழுதலாமாம், அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். மூத்தவள் அழுததிலிருந்து ஆரம்பித்தேன்.

"அம்மாயி, இதுக்கு மேல எழுத்துப் போக மாட்டீங்குது. கொறைக்கோணுமுங்க."

முதலில் பூந்திக்கொட்டையை எடுத்தோம். பிறகு ஆற்றுத் தண்ணீர் போனது, மூத்தவளும் போனாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: புதிய துணி, குழந்தைக்காகத் துவைத்தது. மறுநாள் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை.

ஆபீஸில் பார்த்துத் தள்ளியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் படத்தைப் போனில் தள்ளிப் பிடித்து நானும் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளை போட்டுக் கழற்றியது போலத்தான் இருந்தது. நர்ஸம்மா காலத்தில் ஆஸ்பத்திரி வாசல் பழகியவர்கள்தான் பெட்டியில் கவர் போட்டோம். இன்றைக்கு எந்த ஊர்க்காரனும் வீட்டில் இருந்துகொண்டே டெண்டர் கேட்கலாம். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு ஆறவில்லை.

அதன்பிறகு, சொந்தத்தில் ஒரு பெண் பிரசவித்தாள் என்று அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரு குழந்தை. உடம்பில் ஜப்ளா, பெட்டியில் மடித்த மடிப்பு அப்படியே நின்றது. கையை நீட்டி ஓரத்தைத் தொட்டேன். விறைப்பு. குழந்தையின் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. புதுசாக்கும்!"

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் வரும்வரை நின்றேன்.

தைத்த பெண்கள் எல்லோரும் இப்போது கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார்கள். ஓவர்லாக்காரி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டிப் பார்த்து, மெஷின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போவாள். கடைசியாகத் துவைத்த ஜப்ளாக்கள் ஒரு துணிப்பையில் கிடக்கின்றன.

அடுத்த டெண்டர் வந்திருக்கிறதாம். "இந்தத் தடவ புதுசையே படம் எடுத்துப் போடலாமுங்க அம்மாயி. ஆர்டர் கெடச்ச பொறவு துவைச்சுக் குடுத்துக்கலாம்" என்றாள் பேத்தி.

"துவைச்சுக் குடுத்தா பழசுன்னு திருப்பி அனுப்பீருவாங்க."

"அப்பத் துவைக்காமக் குடுக்கலாமுங்க."

"அது கெடக்கட்டும், போன எடு கண்ணு" என்றேன்.

அன்றைக்கு அந்த ஆட்சேபக் கட்டத்தில் கொள்ளாததைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து போனில் தட்டுகிறாள். இதில் எவ்வளவு எழுதினாலும் போகுமாம்.

போதும் கண்ணு. மொதல்ல இருந்து ஒருக்கா வாசி, நிதானமா வாசி. பூந்திக்கொட்டைய உட்டுட்டயான்னு பாக்கோணும்.