பட்டை உரித்த புளியங்கட்டை

எங்கள் பட்டறைக்குக் கரண்டு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. குளத்தூர்ப் பக்கத்தில் வண்டிச் சக்கரம் செய்கிற பட்டறை எங்களுடையது. செய்வது என் வீட்டுக்காரர், கூடமாட நிற்பது நான். அதுவரைக்கும் இரண்டு ஆள் இழுக்கிற ரம்பம்தான். மெதுவாக அறுக்கும். கை நழுவினால் கீறிவிடும், அவ்வளவுதான். நிறுத்தினால் நிற்கும். இந்த மோட்டார் ரம்பமோ சுவிட்சை அணைத்த பிறகும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்கச் சொன்னால் நிற்காத ஒன்றை எப்படி நம்புவது?

அவர் கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு மரவாடியில் வேலை பழகியவர். அங்கே ஒருத்தருக்கு விரல்கள் போன கதையைச் சாப்பிடும்போதுதான் சொல்வார். எனக்குச் சோறு இறங்காது. பிசைந்துகொண்டிருக்கிற அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்கு நிலம் நீச்சு கிடையாது. அந்தக் கை இருந்தால்தான் வீட்டில் உலை.

அதனால் பட்டறையில் நான் போலீஸ்காரியாகிவிட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரம்பத்துப் பக்கம் போகக்கூடாது. சின்னத் துண்டுகளைக் கையால் தள்ளக்கூடாது, குச்சி வைத்துத்தான் தள்ளவேண்டும். புதுக்கோட்டைச் சந்தையில் உளி வாங்கினால் அதைத் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்ப்பேன். கணீரென்று கேட்டால் வாங்கலாம், சத்தம் அடங்கிக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. ரம்பப் பல்லுக்கு அவர் அரம் போடும்போது பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொள்வேன்.

"சுவிட்ச அணைச்சுட்டுத்தானே உக்காந்திருக்கேன்" என்பார்.

"சுவிட்சு என்ன உங்க மாமன் மகனா, கூடவே நிக்கிறதுக்கு?"

"ஒனக்குச் சந்தேகம் கூடப் பொறந்த வியாதி" என்று சொல்லிவிட்டு அரத்தைத் தேய்ப்பார்.

ஒருநாள் காலையில் ஆவூர் ரோட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விவசாயம் பண்ணுகிற ஒரு சம்சாரி வண்டியில் புளியங்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். வயசானவர், வெள்ளை வேட்டி, ரொம்ப மரியாதை. சக்கரத்தின் சுற்றுக்கு வளைவாக வைக்கிற வட்டைக்குத் தோதான கட்டை. என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு அந்தக் கட்டையைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பட்டையைச் சுத்தமாக உரித்திருந்தார்கள். விற்கிற புளியமரத்துக்கு யாராவது வேலைமெனக்கெட்டுப் பட்டை உரிப்பார்களா? அதிலும் ஒரு பக்கம் மட்டும் சேறு அப்பியிருந்தது. அவர் கூட்டிவந்த வண்டிக்காரர் வேறு கட்டையில் உட்காராமல் மாட்டுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். இறக்கி முடித்ததும், தண்ணீர்கூடக் கேட்காமல், கையைக் காலைக் கழுவிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"மரம் எங்கிட்டு நின்னுச்சுங்க?" என்று கேட்டேன்.

"புஞ்சையிலத்தா" என்றார் சம்சாரி.

"நல்லாக் காய்க்கிற மரமா இருந்திருக்குமே. எதுக்கு வெட்டுனீங்க?"

"நெழலு விழுந்து பயிரு வரலத்தா." என்னைப் பார்க்காமல், ரம்பத்தைப் பார்த்துச் சொன்னார். "எப்ப அறுப்பீக?"

கட்டையைக் கொடுத்தவருக்கு அதை எப்போது அறுத்தால் என்ன? அவர் போனதும் இதைத்தான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மனுசன் ஏதோ பேச்சுக்குக் கேட்டாரு. நீ போயி அடுப்பப் பாரு" என்றார்.

நான் அடுப்பைப் பார்க்கவில்லை. கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் எடுத்துவந்து கட்டையின் மேல் ஊற்றித் தேய்த்தேன். சேறு கரைந்தது. அதற்குக் கீழே வெளிறிய மரத்தில் அங்கங்கே மை கொட்டியதுபோல நீலக்கறுப்பாகப் பொட்டுகள். புளிக்கு வைரம் கறுப்பு, எனக்கும் தெரியும். ஆனால் அது நடுவில் இருக்கும். வெளிமரத்தில் இப்படிப் பொட்டுப் பொட்டாக இருக்காது.

"இரும்பு பட்டா இப்படித்தாங்க கறுக்கும்" என்றேன்.

"மரத்துக்குள்ள இரும்பு எப்படி வரும்? ஆணித் தலையே இல்ல, தடவிப் பாரு." தடவிக் காட்டினார். வழவழப்பாகத்தான் இருந்தது. சுவிட்சுப் பக்கம் போனார். நான் முந்திப் போய்ப் பியூஸைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை குளத்தூர் முழுக்கக் கேட்டிருக்கும். சந்தை நாளுக்குள் சக்கரம் கொடுக்கவேண்டும் என்று அவர் கத்தினார். கையைக் கொடுத்துவிட்டுச் சக்கரம் கொடுக்கவேண்டாம் என்று நான் கத்தினேன். கடைசியில், என் வாயை அடைப்பதற்கென்றே உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்துவந்து ஒரு பொட்டின் மேல் வைத்து ஓங்கி அடித்தார். உளியின் வாய் தெறித்துப் போனது.

சுற்றிலும் தோண்டினார். ஒரு பெரிய ஆணி. அதன் தலையை மரத்தோடு மட்டமாக அரத்தால் அராவியிருந்தார்கள், அராவிய இடம் இன்னும் பளபளவென்று இருந்தது. அடுத்த பொட்டிலும் ஆணி, அதற்கடுத்ததிலும் ஆணி. ஒன்றைப் பிடுங்கியபோது அதில் நீளமான முடி சுற்றியிருந்தது. பொம்பளை முடி.

பேய் ஓட்டுகிறபோது பிடித்தவளின் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோட்டார் ரம்பத்தின் வேகத்தில் பல் இந்த ஆணியில் பட்டிருந்தால் கட்டை எங்கே எகிறியிருக்கும், தள்ளிக்கொண்டிருந்த கை எங்கே போயிருக்கும் என்று என் வீட்டுக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும். வலது கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

சாயங்காலம் சம்சாரி தனியாக வந்தார். "அறுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் ஆணிகளைப் பார்த்ததும் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இது யாரு முடிங்க?"

"எம் மகளுதுத்தா." திருமயம் பக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், மரம் ஊருக்குள் வருகிற பாதையிலேயே நின்றது, ஆணியைப் பார்த்தால் கேட்பார்கள் என்றுதான் வெட்டினோம் என்றார். "விசயத்தச் சொன்னா செங்கச் சூளைக்காரன்கூட வெறகுக்கு வாங்க மாட்டேங்கிறான். அதான் அராவிக் கொண்டாந்தேன்."

"உங்க மகளுக்குக் கல்யாணம் நடக்க எம் புருசன் கை போகணுமா?"

"சத்தியமாத் தெரியாதுத்தா. ஆளு அறுக்கிற ரம்பத்துல ஆணி பட்டா பல்லுதானே போகும். இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அதை நான் நம்பவில்லை. இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரோ என் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியைப் பிடுங்கிய வீட்டில் ஒரு பொம்பளை இருக்கிறாளே, அவளுக்குள் ஏதாவது இறங்கிவிட்டதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"எனக்கு ஒண்ணும் எறங்கல. அந்தப் புள்ளைக்கு அப்ப என்ன செஞ்சுச்சு? ஆடுச்சா, கத்துச்சா?"

"அதெல்லாம் இல்லத்தா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத வந்த மாப்பிள்ளைய வேண்டாம்னுச்சு. எத்தனை பேரு சொல்லியும் கேக்கல. இது புள்ள பேசுற பேச்சு இல்ல, உள்ளருந்து வேற எதோ பேசுதுன்னு பெரியவுக சொன்னாக. முடிய எடுத்து அடிச்சோம்."

"இப்ப வர்ற மாப்பிள்ளைய அதுக்குப் புடிச்சிருக்கா?"

"தெரியலத்தா. அன்னையிலேருந்து அது எதுவுமே பேசுறதில்ல" என்றார்.